கழுத்து மூட்டுகளை எம்ஆர்ஐ-யில் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

‘எம்ஆர்ஐ செர்விகல் ஸ்பைன்’ என்று சீட்டு வந்ததும் கான்சோலில் இருக்கும் வழக்கமான புரோட்டோகாலை (எந்தப் படத்தை எப்படி எடுப்பது என்ற முன்னமைப்பு) அமுக்கினால் ஜவ்வும் (எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க்) தண்டுவடமும் நன்றாகவே வரும். மூட்டுகள் வராது, வந்தாலும் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு வரும். அந்தப் புரோட்டோகாலை அமைத்தவர்கள் மனதில் இருந்தது ஜவ்வும் தண்டுவடமும்தான். மூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கேள்வி, படுக்கை, ஸ்லைஸ் (படமாக எடுக்கும் மெல்லிய வெட்டு), வரிசை நான்கையும் மாற்ற வேண்டும்.

இது புதிதாக வேலைக்குச் சேர்ந்த எம்ஆர்ஐ டெக்னீஷியன்களுக்கும், பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கும் எழுதியது. எண்கள் எல்லாம் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரத்தை வைத்துச் சொல்பவை. தேனி, கம்பம், போடி பக்கம் வரும் நோயாளிகளை மனதில் வைத்திருக்கிறேன். எந்தப் புரோட்டோகாலையும் மாற்றும்முன் உங்கள் ரேடியாலஜிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

1. எந்த மூட்டு என்று தெரியாமல் டேபிளில் ஏற்றாதீர்கள்

கழுத்தில் ஏழு எலும்புகள், மேலிருந்து சி1 முதல் சி7 வரை. மூட்டுகளை மூன்று கூட்டமாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் கூட்டம் மேல் கழுத்து. மண்டை ஓட்டுக்கும் சி1-க்கும் நடுவில், சி1-க்கும் சி2-க்கும் நடுவில் இருப்பவை. இங்கே ஜவ்வு கிடையாது. தலையைக் கீழே மேலே ஆட்டுவது பெரும்பாலும் முதல் மூட்டின் வேலை. தலையைப் பக்கவாட்டில் திருப்புவதில் ஏறக்குறைய பாதி சி1–சி2 மூட்டில் நடக்கிறது.

இரண்டாவது, ஃபேசட் மூட்டுகள். சி2–3 முதல் கீழே மார்பின் முதல் முதுகெலும்பு வரை, ஒவ்வொரு மட்டத்திலும் இடம் ஒன்று, வலம் ஒன்று. ஓட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். சாய்வு சுமார் 45 டிகிரி. இந்தச் சாய்வை மறந்துவிட்டுப் படமெடுப்பதால்தான் பாதிப் படங்கள் வீணாகின்றன.

மூன்றாவது, லுஷ்கா மூட்டுகள். சி3 முதல் சி7 வரை ஜவ்வின் இரு ஓரங்களில் இருப்பவை. இங்கே எலும்பு முளைத்தால் நரம்புத் துளை முன்பக்கத்திலிருந்து அடைபடும். ஃபேசட் மூட்டு வீங்கினாலோ தடித்தாலோ அதே துளை பின்பக்கத்திலிருந்து அடைபடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் படம் வேண்டும்.

சீட்டில் ‘கழுத்து வலி’ என்று மட்டும்தான் இருக்கும். அதனால் நீங்களே கேளுங்கள். “அண்ணே, வலி எங்க இருக்குன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க” என்றால் போதும். முழு உள்ளங்கையால் காட்டுபவரை மறுபடி ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். பின்மண்டைக்கு ஏறும் வலி சி2–3 மூட்டிலிருந்து வரலாம். தோளுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இறங்கும் வலி சி5–6, சி6–7 பக்கமிருந்து வரலாம். கைவிரல் வரை மின்சாரம் பாய்வது போல் போனால் நரம்புத் துளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்ன வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து கவாத்து வெட்டுபவருக்கு ஃபேசட் மூட்டுகள் பின்னால் நெருக்கப்படுகின்றன. வண்டன்மேடு, உடும்பன்சோலை பக்கம் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் குனிந்தே இருப்பவர்கள். வீடு திரும்பியதும் சும்மாடு வைத்துப் புல்லுக்கட்டோ விறகோ தூக்குபவர்களும் உண்டு. கம்பமெட்டு, போடிமெட்டு வளைவுகளில் ஜீப் குலுக்கி நின்றதில் தலை வெட்டி இழுத்தவர் என்றால் மேல் கழுத்து லிகமெண்ட்களைப் (எலும்புகளைப் பிணைக்கும் நார்கள்) பார்க்க வேண்டும். மூவருக்கும் ஒரே புரோட்டோகால் சரிப்படாது.

இந்தப் பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

2. எம்ஆர்ஐ-க்கு முன் எக்ஸ்ரேயும் சி.டி.யும்

எலும்பு முறிவைப் பார்க்கச் சிறந்தது சி.டி. ஸ்கேன். ஃபேசட் எலும்பில் மெல்லிய விரிசல் எம்ஆர்ஐ-யில் தவறிப்போகும். லிகமெண்ட் கிழிசல், தண்டுவட நசுக்கு, எலும்பு மஜ்ஜையில் நீர்கோர்ப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சிறந்தது எம்ஆர்ஐ. விபத்தில் அடிபட்டு நேராக வந்தவருக்கு சி.டி. எடுத்தாகிவிட்டதா என்று கேட்காமல் கழுத்துப் பட்டையைக் கழற்றக் கூடாது. கழற்றலாம் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

மூட்டு ஆடுகிறதா என்ற கேள்விக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே வேண்டும். காரணம் எளிது: எம்ஆர்ஐ-யில் ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார், தலையின் பாரம் கழுத்தில் இல்லை. முடக்குவாதக்காரர்களுக்கு இது மிக முக்கியம். சி1 வளையத்துக்கும் சி2-விலிருந்து மேலே நீளும் முளைக்கும் இடைவெளி பெரியவர்களில் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. குனியும்போது 7 மி.மீ. விலகும் மூட்டு, மல்லாந்து படுத்தால் சேர்ந்து ஒழுங்காகத் தெரியக்கூடும். பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால் வாங்கிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

3. கதவுக்கு வெளியே முடிக்க வேண்டியவை

காந்தம் இரவும் பகலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். படம் எடுக்காத நேரத்தில் அணைந்திருக்கும் என்று நினைப்பவர்கள் மருத்துவமனை ஊழியர்களிலேயே உண்டு. 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன உறவினர் ஒருவர் உயிரிழந்தார். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், சிலிண்டர், துடைப்பக் கட்டையின் இரும்புப் பிடி எல்லாம் வெளியேதான்.

கேட்க வேண்டிய கேள்விகளைச் சீட்டில் அச்சடித்து வைத்திருப்பீர்கள். அதை நோயாளியிடம் கொடுத்து ‘டிக்’ பண்ணச் சொல்லாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, மருந்து பம்ப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மாடல் எண் தெரியாமல் உள்ளே விடக் கூடாது. இப்போது வரும் சில பேஸ்மேக்கர்களை நிபந்தனையோடு எடுக்கலாம். அந்த நிபந்தனை என்ன என்பது அட்டையில் இருக்கும், அட்டை வீட்டில் இருக்கும். முன்பதிவின்போதே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

வெல்டிங், லேத், கிரைண்டிங் வேலை செய்தவரிடம் கண்ணில் தூள் விழுந்ததுண்டா என்று தனியாகக் கேளுங்கள். இப்போது விவசாயம் பார்ப்பவர் பத்து வருஷம் முன்னால் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வெல்டராக இருந்திருப்பார். சந்தேகமிருந்தால் கண்குழிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

கழுத்துப் படம் என்பதால் நகை விஷயம் மற்ற ஸ்கேனைவிடக் கண்டிப்பானது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச் சங்கிலி நாம் பார்க்க வேண்டிய இடத்தின்மேலேயே வளையமாகக் கிடக்கிறது. படம் கெடும், சூடும் ஏறலாம். அதில் கோர்த்த ஊக்கு இரும்பு. கழற்ற மனமில்லாதவரிடம் வாதாடாதீர்கள். மஞ்சள் கயிறு ஒன்றை எப்போதும் அறையில் வைத்திருங்கள். “அக்கா, இந்தக் கயிறக் கட்டிக்கிட்டு அதக் கழட்டி அண்ணன் கையில குடுத்துருங்க” என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நகையை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள், கூட வந்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தாயத்து, அரைஞாண் கொடி, மெட்டி, மூக்குத்தி, ஹேர்பின் வழக்கமானவை. அவற்றோடு இரண்டை யாரும் கேட்பதில்லை. ஒன்று, பிடரியில் ஒட்டியிருக்கும் வலிநிவாரண பிளாஸ்டர். சிலவற்றின் பின்பக்கம் உலோகத் தாள் இருக்கும், தோல் சுடும். இன்னொன்று, கொண்டை. இதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

வெற்றிலை போடுபவரை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு விழுங்கலும் கழுத்துப் படத்தில் ஒரு கோடு.

4. படுக்க வைப்பது: பாதி வேலை இங்கேதான்

புதியவர்கள் இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, பிறகு கான்சோலில் உட்கார்ந்து அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். ஐந்து நிமிடம் செலவிடுங்கள்.

கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்து, சடையை ஒரு பக்கமாகத் தோளுக்கு மேல் விடச் சொல்லுங்கள். கொண்டைமேல் தலை வைத்தால் தாடை நெஞ்சை நோக்கி வரும், கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிடும். ரிப்போர்ட்டில் ‘வளைவு நேராகியுள்ளது, தசை இறுக்கம்’ என்று வரும். இறுக்கமெல்லாம் கொண்டையில்தான்.

தலை நடுவில், மூக்கு நேராகக் கூரையைப் பார்த்து இருக்க வேண்டும். சிறிது திரும்பியிருந்தாலும் சி2 முளையின் இரு பக்க இடைவெளிகளும் சமமில்லாமல் தெரியும். விபத்துக் கேஸில் இதை மூட்டு விலகல் என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. லேசர் கோட்டை நெற்றி, மூக்கு, தாடை, மார்பு எலும்பின் குழி நான்கிலும் ஒத்துப் பாருங்கள். மூக்கை மட்டும் பார்த்தால் போதாது, சிலருக்கு மூக்கே கோணல்.

தலையின் இரு பக்கமும் பஞ்சு மெத்தை கொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. இடுப்பு வலித்தால் கால் அசையும், கால் அசைந்தால் கழுத்தும் அசையும்.

தோள்களைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். தோள் ஏறியிருந்தால் சி7 பக்கம், சிக்னல் வாங்கும் காயிலோடு ஒட்டாமல் மங்கும். கைகளைக் கோர்க்க விடாதீர்கள். கையோடு கை தொட்டால் மின்சுற்று உண்டாகி அந்த இடத்தில் தோல் சுடும். தொடையும் தொடையும் வெறும் தோலாக ஒட்டாமல் நடுவில் துணி வையுங்கள்.

வயதானவர்களில் கூன் விழுந்தவரைத் தட்டையாகப் படுக்க வற்புறுத்தாதீர்கள். தலைக்கு மெத்தை கொடுத்து அவர் உயரத்துக்கே கொண்டுபோங்கள். முதுகெலும்பு ஒட்டிப்போகும் வாதநோய் உள்ளவர் இன்னும் கவனம்: கழுத்து ஒரே தண்டாக இறுகியிருக்கும், சிறிய இடறலிலேயே முறியும். அவர் கழுத்தை நீங்கள் அமுக்கி நேராக்கினால் வரக்கூடிய விளைவுக்கு எந்தப் படமும் ஈடாகாது. முடக்குவாதக்காரரின் தலையைக் குனிய வைக்கவும் கூடாது.

காதடைப்பான் போட்டு, கையில் அழைப்புப் பந்தைக் கொடுத்து, ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விழுங்குவதற்கான ஏற்பாடு: “சத்தம் நிக்கிறப்ப எச்சி விழுங்கிக்கங்க, சத்தம் வந்துட்டா விழுங்காதீங்க.” தோட்டத்திலிருந்து வரும் மலையாளிகளிடம் ‘அனங்கருது’ (அசையக் கூடாது) என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். இதைச் சொல்லாமல் தொடங்கி, பிறகு மைக்கில் “அசையாதீங்க” என்று கத்துவதில் பயனில்லை. கத்தும்போது அவர் தலையைத் தூக்கிக் கேட்பார்.

5. லோக்கலைசரும் எண்ணிக்கையும்

காயிலின் மையம் தாடைக்குச் சற்றுக் கீழே, தைராய்டு குருத்தெலும்பின் மேட்டுக்கு நேராக வரட்டும். மேலே மண்டை ஓட்டின் அடித்துளையும் கீழே மார்பின் இரண்டாவது எலும்பும் படத்துக்குள் வர வேண்டும்.

மட்டத்தைச் சி2-விலிருந்து கீழே எண்ணுங்கள். முளை உள்ள எலும்பு அது ஒன்றுதான், தவறாது. கீழிருந்து மேலே எண்ணினால் கழுத்தில் கூடுதல் விலா எலும்பு உள்ளவரிடம் ஒரு மட்டம் பிசகும். கழுத்தில் ஏழு எலும்புக்கு எட்டு ஜோடி நரம்புகள் என்பதையும் மறக்காதீர்கள்: சி5–6 துளையில் வெளியே வருவது சி6 நரம்பு.

மூன்று திசை லோக்கலைசரையும் (இடம் குறிக்க முதலில் எடுக்கும் வேகமான படம்) பார்த்துவிட்டு, தலை திரும்பியிருந்தால் இப்போதே உள்ளே போய்ச் சரிசெய்யுங்கள். ஸ்லைஸைச் சாய்த்து ஈடுகட்டலாம் என்பது சோம்பேறித்தனம். ஸ்லைஸ் சாயும், மூட்டு திரும்பியபடியேதான் இருக்கும்.

6. சாஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் நெடுக்கு வெட்டு): அகலத்தைக் கூட்டுங்கள்

வழக்கமான புரோட்டோகாலில் 11 ஸ்லைஸ், 3 மி.மீ. தடிமன், 10 சதவீத இடைவெளி. கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 36 மி.மீ. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 18 மி.மீ. மட்டுமே. ஃபேசட் மூட்டின் வெளி விளிம்பு அதைத் தாண்டி இருக்கிறது. அதனால்தான் மூட்டு பாதி வெட்டுப்படுகிறது.

17 முதல் 19 ஸ்லைஸ் வரை போடுங்கள். 19 ஸ்லைஸுக்கு ஏறக்குறைய 62 மி.மீ. கிடைக்கும். கரோனல் (முன்னாலிருந்து பார்க்கும் வெட்டு) லோக்கலைசரில் இரு பக்கத்து எலும்புத் தூண்களும் முழுதாக உள்ளே வந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டே தொடங்குங்கள். நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

ஃபேஸ் திசையை (அசைவின் கோடுகள் படத்தில் பரவும் திசை) தலையிலிருந்து காலுக்கு வையுங்கள், கூடவே ஓவர்சாம்ப்ளிங் (வெளியே உள்ளது படத்துக்குள் மடிந்து விழாமல் தடுக்க). முன்பின்னாக வைத்தால் விழுங்கும் அசைவு தொண்டையிலிருந்து நேராகக் கழுத்தெலும்பின்மேல் கோடு கோடாக விழும். தண்டுவடத்துக்குள் பொய்யாக ஒரு வெள்ளைக் கோடும் வரும், அதைத் தண்டுவடத்தில் நீர்க்குழல் என்று நினைத்துவிடுவார்கள். தொண்டைக்கு முன்னால், அந்த இடத்தின் சிக்னலை அடக்கும் ஒரு சாச்சுரேஷன் பட்டையும் போடுங்கள். பட்டை எலும்பின் முன் விளிம்பைத் தொடக் கூடாது.

7. ஸ்டிர் இரண்டாவதாக வரட்டும்

பல இடங்களில் டி2 (நீர் வெளுப்பாகத் தெரியும் படம்), டி1 (கொழுப்பு வெளுப்பாகத் தெரியும் படம்), ஆக்சியல் (குறுக்கு வெட்டு) எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஸ்டிர் (கொழுப்பை அடக்கி நீரை வெளுப்பாகக் காட்டும் படம்) எடுக்கிறார்கள். மூட்டு வலிக்கு இது தலைகீழ் வரிசை. நோயாளி அசையாமல் இருப்பது முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான். மூட்டில் அழற்சி இருக்கிறதா, எலும்பில் நீர்கோர்ப்பு இருக்கிறதா, சுற்றியுள்ள தசையில் வீக்கமா என்று சொல்வது ஸ்டிர் படம். சாஜிட்டல் டி2 முடிந்ததும் அதையே எடுத்துவிடுங்கள். நடுவில் அவர் எழுந்துவிட்டாலும் முக்கியமானது கையில் இருக்கும்.

கொழுப்பை அடக்க ஃபேட்-சாட் முறை கழுத்துக்கு ஒத்துவராது. கழுத்து ஒல்லி, தோள் அகலம், நடுவில் காற்றுக்குழாய், வாயில் கட்டிய பல். காந்தப்புலம் சீராக இருக்காது. கொழுப்பு ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் வெள்ளையாக நிற்கும், அது அழற்சி போலவே தெரியும். ஸ்டிர், அல்லது உங்கள் இயந்திரத்தில் இருந்தால் டிக்ஸன் என்ற முறை, இரண்டில் ஒன்றை எடுங்கள். ஸ்டிருக்கு இன்வர்ஷன் நேரம் (கொழுப்பின் சிக்னல் அடங்கக் காத்திருக்கும் நேரம்) 1.5 டெஸ்லாவில் 150 முதல் 170 மில்லிசெகண்டு. 3 டெஸ்லாவில் 200-ஐத் தாண்டும். வேறு இயந்திரத்திலிருந்து புரோட்டோகாலைக் காப்பியடிக்கும்போது பலர் இதை மாற்ற மறக்கிறார்கள்.

8. ஆக்சியல்: துண்டு துண்டாக வேண்டாம்

ஒவ்வொரு ஜவ்வுக்கும் மூன்று ஸ்லைஸ் வீதம் தனித்தனியே சாய்த்துப் போடும் பழக்கம் முதுகுப் படத்திலிருந்து வந்தது. கழுத்து மூட்டுக்கு அது ஆகாது. ஜவ்வுக்கும் ஜவ்வுக்கும் நடுவில் விட்டுப்போகும் இடத்தில் ஃபேசட் மூட்டின் பாதி இருக்கிறது. சி2-வின் அடியிலிருந்து மார்பின் முதல் எலும்பு வரை ஒரே அடுக்காக, 3 மி.மீ. தடிமனில் இடைவெளி விடாமல் எடுங்கள். சாய்வு சி5–6 ஜவ்வுக்கு இணையாக இருந்தால் மற்றவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்.

எந்த சீக்வன்ஸ் (படமெடுக்கும் முறை) என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிரேடியண்ட் எக்கோவில் நரம்புத் துளையும் எலும்பு முளையும் பளிச்சென்று பிரிந்து தெரியும், தண்டுவட நீரின் ஓட்டம் கறுப்புத் திட்டாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் அடைப்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். வேகமான டி2-வில் அடைப்பின் அளவு நம்பத்தக்கது, ஆனால் நீரோட்டத் திட்டுகள் வரும். நேரம் இருந்தால் நான் இரண்டையும் எடுப்பேன். ஒன்றுதான் என்றால் கிரேடியண்ட் எக்கோ எடுத்து, சாய்வான டி2-வோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கழுத்தில் ஸ்க்ரூ, பிளேட் உள்ளவருக்குக் கிரேடியண்ட் எக்கோ எடுக்கவே வேண்டாம், உலோகத்தைச் சுற்றிப் பெரிய கறுப்புக் குழிதான் மிஞ்சும். அவருக்குப் பேண்ட்விட்த்தைக் கூட்டி வேகமான டி2 போடுங்கள்.

ஒரு மி.மீ. அளவில் முப்பரிமாண டி2 எடுக்கும் வசதி இருந்தால் எல்லாத் திசையிலும் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கவர்ச்சியான வழிதான். ஆனால் ஐந்தாறு நிமிடத்தில் ஒரே ஒரு முறை இருமினாலும் முழு அடுக்கும் கெடும். இருமல்காரருக்கு இரு பரிமாணமே நல்லது.

9. சாய்வான படம்: நரம்புத் துளைக்கு

கழுத்தில் நரம்புத் துளை நேராகப் பக்கவாட்டில் திறப்பதில்லை. முன்னும் பக்கமுமாக, சுமார் 45 டிகிரியில் திறக்கிறது. அதனால் நேரான சாஜிட்டலில் துளையின் உண்மையான வட்டம் தெரியாது.

ஆக்சியல் படத்தில் வலது துளையின் நீள அச்சைக் கண்டுபிடித்து, அதற்குச் செங்குத்தாக ஸ்லைஸ்களை வையுங்கள். இடதுக்குத் தனியாக இன்னொரு தொகுதி. வலது, இடது என்று பெயரிட்டுச் சேமியுங்கள். பெயரிடாமல் விட்டால் படிப்பவர் குழம்புவார், ஏனென்றால் சாய்வான படத்தில் பக்கம் எளிதில் பிடிபடாது. கைக்கு வலி இறங்காதவருக்கு இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

10. மேல் கழுத்து கேட்டிருந்தால்

இதைத் தனிப் பரிசோதனையாக நினைத்துக்கொள்ளுங்கள். கரோனல் படம் முதன்மை: சி2 முளைக்கு இணையாக, 2 மி.மீ. அல்லது அதற்கும் மெலிதாக, சி1 வளையத்தின் முன்விளிம்பிலிருந்து முளையின் பின்பக்கம் வரை. புரோட்டான் டென்சிட்டி சீக்வன்ஸ். சி1–சி2 பக்க மூட்டுகளும், முளையிலிருந்து மண்டை ஓட்டுக்குப் போகும் ஏலர் லிகமெண்ட்களும் இதில்தான் தெரியும். அடுத்து, மண்டை ஓட்டின் அடித்துளையிலிருந்து சி2-வின் நடு உடல் வரை ஆக்சியல். முளையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் குறுக்கு லிகமெண்ட் இதில் வரும்.

ஏலர் லிகமெண்ட் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கிழிசல் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் அப்படித் தெரிகிறது. லிகமெண்ட் காந்தத் திசைக்கு 55 டிகிரிக்கு அருகில் சாய்ந்திருந்தால், குறுகிய எக்கோ நேரப் படத்தில் பொய்யாக வெளுக்கும். எக்கோ நேரத்தைக் கூட்டி இன்னொரு படம் எடுத்து அங்கேயும் வெளுப்பு நிற்கிறதா என்று பாருங்கள். சி.டி.யில் எலும்புத் துணுக்கு, சுற்றிலும் ரத்தக் கசிவு இவையெல்லாம் சேர்ந்தால்தான் கதை வலுப்பெறும்.

முடக்குவாதத்திலும் காசநோயிலும் முளையைச் சுற்றிச் சதை வளரும். தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்கும்வரை நோயாளியை டேபிளைவிட்டு இறக்காதீர்கள். நசுங்கியிருந்தால் ரேடியாலஜிஸ்ட்டை அப்போதே கூப்பிடுங்கள்.

11. ஊசி மருந்து (கான்ட்ராஸ்ட்)

தேய்மானத்துக்கு வேண்டியதில்லை. கிருமித் தொற்று, வாத அழற்சி, கட்டி என்ற சந்தேகத்துக்கு மட்டும். பெரும்பாலான கடோலினிய மருந்துகளுக்குக் கிலோவுக்கு 0.2 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழ் என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பிணிக்குத் தவிர்ப்பார்கள்.

போட்டபின் ஸ்டிர் எடுக்காதீர்கள். மருந்து ஏறிய திசுவின் சிக்னலும் கொழுப்போடு சேர்ந்து அடங்கிவிடும், அழற்சியே இல்லாதது போல் படம் வரும்.

12. எழுப்பும்முன் ஒரு சுற்று

நோயாளி இன்னும் டேபிளில் இருக்கும்போதே பாருங்கள். எழுந்து சட்டை போட்டபின் “மறுபடி படுங்கண்ணே” என்று சொல்வது சங்கடம். காலை ஜீப்பில் இறங்கி வந்தவருக்கு மாலை வண்டி போய்விடும்.

சாஜிட்டலில் கடைக்கோடி ஸ்லைஸ்களுக்குப் போங்கள். இரு பக்கமும் ஃபேசட் மூட்டு ஆறு மட்டத்திலும் சாய்ந்த கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். ஸ்டிரில் மூட்டுக்குள் வெள்ளை நீர், இருபுற எலும்பில் வெளுப்பு, பின்னால் தசையில் வெளுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே மட்டம் ஆக்சியலில் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் அங்கே மட்டும் ஐந்தாறு ஸ்லைஸ் கூடுதலாக எடுங்கள். அசைவால் கெட்ட தொகுதியை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

13. ரிப்போர்ட்டுக்கு அனுப்புவது

படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்றால் ஊரில் பாதிப் பேர் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. ஃபேசட் தேய்மானமும் அப்படித்தான். தேய்ந்த மூட்டு வலிக்காமல் இருக்கும், ஒழுங்காகத் தெரியும் மூட்டு வலிக்கும். எந்த மூட்டு வலிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல, அந்த மூட்டுக்குப் போகும் சிறு நரம்பை மரத்துப்போகச் செய்து பார்க்கும் ஊசிதான் வழி. அதனால் “உங்களுக்கு ஜவ்வு விலகியிருக்கு” என்று டேபிளில் இருந்து இறங்கும்போதே சொல்லி அனுப்பாதீர்கள். அந்த ஒரு வரியை அவர் ஆயுசுக்கும் தூக்கிச் சுமப்பார்.

முதல் படியில் எழுதி வைத்த குறிப்பை இப்போது சேருங்கள்: ஒரு விரலால் காட்டிய இடம், பக்கம், வேலை, விபத்து நாள். படிப்பவர் மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து திரையில் பார்க்கிறார், நோயாளியின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ‘வலப்பக்கம் சி2–3 மட்டத்தில் வலி, பின்மண்டைக்கு ஏறுகிறது, பந்தல் வேலை’ என்ற ஒரு வரி அவரை அந்த மூட்டில் இரண்டாவது முறை பார்க்க வைக்கும்.

ஃபிலிமில் எல்லா ஸ்லைஸும் அடங்காது. அச்சிடும்போது வழக்கமாக நடு ஸ்லைஸ்களே போகும், மூட்டு உள்ள ஓர ஸ்லைஸ்கள் விடுபடும். இரு பக்கத்திலும் மூட்டு நன்றாகத் தெரியும் ஸ்டிர் படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபிலிமில் தனியாக அச்சிடுங்கள். குறுந்தகட்டில் முழு டைகாம் (ஸ்கேன் படக் கோப்பு) தொகுதியையும் எழுதிக் கொடுங்கள். இங்கே எடுத்துக்கொண்டு கோட்டயத்துக்குக் காட்டப் போகிறவர்கள் பலர். கையில் கொடுக்கும்முன் வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கே போய்ச் சேர்ந்தபின் மறுபடி மலையேறி இறங்கி வர வேண்டியிருக்கும்.